‘க்ரூப்ல போட்டாச்சு!’

(திருவொற்றியூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘மூடிய வலை, திறந்த வலை’ என்று நோட்டீஸில் தலைப்பைப் பார்த்த காசிமேட்டுப் பெரியவர் ஒருவர் வாசலிலேயே என்னை நிறுத்தி, “சுருக்குவலையப் பத்தியா பேசப்போற? அதான் கேஸு கோர்ட்டுல கெடக்குதே” என்றார். இல்லை ஐயா, செல்போனில் வருகிற வலையைப் பற்றி என்றேன். “அதுல பேசறதுக்கு இன்னா கீது? எல்லாத்தையும்தான் க்ரூப்ல போட்டுர்றானுங்களே” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நான் பேசப்போவது முழுக்க அவர் சொன்ன அந்த வரியைப் பற்றித்தான்.

உண்மைதான், எல்லாம் க்ரூப்பில் இருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, சங்கத்துக்கு ஒன்று, ரேஷன் கடைக்கு ஒன்று, மாசித் திருவிழாவுக்கு ஒன்று, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு வகுப்புக்கு ஒன்று. ஒரு குழுவில் 256 பேர்தான் என்று இருந்த வரம்பை 2022-ல் 512 ஆக்கி, அதே வருஷக் கடைசியில் 1,024 ஆக்கினார்கள். ஒரு சின்னக் குப்பமே உள்ளே அடங்கிவிடும். அப்புறம் என்ன குறை? குழுவில் போட்டதை யார் பார்க்கலாம், எத்தனை நாள் இருக்கும், ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்குமா என்ற மூன்று கேள்விக்கும் பதில் நம் கையில் இல்லை. அதுதான் குறை.

நான் துறைமுகத்தில், வந்துபோகும் சரக்கை எண்ணி எழுதும் டாலி கிளார்க்காக இருந்தவன். கம்ப்யூட்டர் பாஷையைவிட கண்டெய்னர் பாஷை எனக்குச் சுலபமாக வரும். எண்ணூர் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் வரிசை கட்டி நின்று, உங்களை இங்கே லேட்டாக வரவைத்த அதே டிரெய்லர் லாரிகளைத்தான் சொல்கிறேன். 1956 ஏப்ரல் 26-ஆம் தேதி மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூஆர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். ஆரம்பத்தில் கம்பெனிக்குக் கம்பெனி பெட்டி வேறு. அவருடையது 35 அடி, மேட்சன் என்ற இன்னொரு கம்பெனியுடையது 24 அடி. ஒருத்தன் பெட்டி இன்னொருத்தன் கப்பலில் உட்காராது, ஒருத்தன் கிரேன் இன்னொருத்தன் பெட்டியைத் தூக்காது. பெட்டியின் எட்டு மூலையிலும் ஓட்டை போட்ட இரும்புக் கட்டை ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். லாரியானாலும் கப்பலானாலும் கிரேனானாலும் பிடித்துக்கொள்வது அதைத்தான். அந்த மூலைக்கட்டையின் காப்புரிமை மெக்லீன் கம்பெனியிடம் இருந்தது. 1960-களில் அதை ராயல்டி கேட்காமல் பொதுவுக்கு விட்டுக்கொடுத்தார்கள். 1968-ல் பெட்டியின் அளவுக்கு உலகத் தரம் வந்தது. 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் திறந்தபோது, எந்த நாட்டுப் பெட்டி வந்தாலும் இறக்க முடிந்ததற்கு அந்த விட்டுக்கொடுத்தலும் ஒரு காரணம்.

பெட்டியின் கதவில் இருக்கும் எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், அப்புறம் கட்டம் போட்டு ஒற்றை இலக்கம். எழுத்து, சொந்தக்காரர் யாரென்று சொல்லும். அது பாரிஸில் இருக்கிற ஒரு பதிவகத்தில் பதிவாகியிருக்கும். கட்டத்துக்குள் இருப்பது சரிபார்க்கும் இலக்கம். முதல் பத்தையும் வைத்து ஒரு கணக்குப் போட்டால் அந்த இலக்கம் வரவேண்டும். கேட்டில் நின்று எழுதும்போது தூக்கக் கலக்கத்தில் ஓர் எண்ணை மாற்றி எழுதினால் அநேகமாக அந்தக் கடைசி இலக்கம் காட்டிக்கொடுத்துவிடும். மணலியில் இருக்கும் யார்டிலோ ராட்டர்டாமிலோ, யார் படித்தாலும் இது எந்தப் பெட்டி, யாருடையது என்பதில் சந்தேகம் வராது.

திறந்த வலை என்று நான் சொல்வதும் இதே ஏற்பாடுதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முகவரி. எந்தக் கம்பெனியின் போனிலிருந்தும், எந்த பிரவுசரிலிருந்தும், யாரிடமும் பெயர் கொடுக்காமல் அந்த முகவரியைத் திறக்கலாம். அதைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ வேலை பார்த்த செர்ன் ஆய்வுக்கூடம், 1993 ஏப்ரல் 30-ல் அந்தத் தொழில்நுட்பத்தை யாருக்கும் கட்டணமில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து, 1995 ஆகஸ்ட் 15-ல் அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, முதலில் இணைப்புக் கிடைத்த நகரங்களில் சென்னையும் ஒன்று.

வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கு இப்படி ஒரு முகவரி கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், வாட்ஸ்அப்பின் அடித்தளமே எக்ஸ்.எம்.பி.பி. என்ற திறந்த நெறிமுறையைத் திருத்திக் கட்டியது. கூகுள் டாக் அதே நெறிமுறையில்தான் ஓடியது. பேஸ்புக் சாட்டும் சில காலம் வெளி மென்பொருள்களை அந்த வழியாக உள்ளே விட்டது. ஆட்கள் சேரும்வரை கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். சேர்ந்த பிறகு ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். இப்போது ஐரோப்பாவில் சட்டம் போட்டு, மற்ற செயலிகளோடும் பேச வழி செய் என்று வாட்ஸ்அப்பைக் கட்டாயப்படுத்துகிறார்கள்.

இனி நம் கரைக்கு வருவோம்.

2017 ஜனவரி 28, விடிவதற்கு முன் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கடலில் கசிந்தது. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை. எர்ணாவூரில் கரை ஒதுங்கிய கறுப்புச் சகதி வேறு மாதிரி சொன்னது. பக்கெட்டில் எண்ணெய் அள்ளிய படங்களை உலகமே பார்த்தது, உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வாரம் குழுக்களில் இரண்டு விதச் செய்தி ஓடியது. கரையில் நின்று எடுத்த நிஜப் படங்கள் ஒரு பக்கம். மீன் எல்லாம் விஷம், சாப்பிட்டால் செத்துப்போவீர்கள் என்ற குரல் பதிவுகள் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே மாதிரிதான் வந்து சேர்ந்தன. யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்பதற்கு அடையாளம் ஏதும் இல்லை. காசிமேட்டில் மீன் வியாபாரம் படுத்துப்போனது. அந்தக் குரல் பதிவுக்கு மறுப்புச் சொல்ல நினைத்தவர் எங்கே போய்ச் சொல்வார்? அது எந்தெந்தக் குழுவுக்குள் போயிருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் நடந்தது வியாபாரம் படுத்ததோடு நிற்கவில்லை. 2018 மே மாதம், வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிப்பவர்கள் இறங்கியிருக்கிறார்கள் என்று தமிழ்நாடு முழுக்க ஒரு வதந்தி பரவியது. நமக்கு வடக்கே, பழவேற்காட்டில், ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே நாளையொட்டி, போளூர் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குப் போன வயதான அம்மா ஒருவரும் அடித்துக் கொல்லப்பட்டார். பல மாநிலங்களில் இப்படி உயிர் போன பிறகு, ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு போட்டது. கொன்றவர்கள் மனிதர்கள், செயலி இல்லை. அதில் எனக்குக் குழப்பம் கிடையாது. ஆனால் அந்தச் செய்தி எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருந்திருந்தால், போலீஸோ பத்திரிகைக்காரரோ பக்கத்து ஊர் வாத்தியாரோ அதற்குக் கீழேயே ‘பொய்’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அடுத்து படிப்பவர் அந்த வரியையும் சேர்த்துப் படித்திருப்பார். மூடிய குழுவில் அதற்கு வழியில்லை.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழையில் எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கியது. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம் என்று படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுத்துப்போயின. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதிலேயே முதலில் வாதம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த மாதம் முடிவதற்குள், 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்துக்கு எதிரே கடலுக்குள் போகும் குழாயில் அமோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். எத்தனையோ பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

இந்த எண்ணெய்க் கசிவில் எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரு படத்தை மட்டும் கையில் எடுத்துப் பார்ப்போம். டிசம்பர் 5-ஆம் தேதி காலையில் ஒரு பையன் தன் போனில் படம் பிடிக்கிறான். அந்த போனுக்குள் படத்தோடு சேர்த்து நேரமும், இருப்பிட வசதியை ஆன் செய்திருந்தால் இடமும் பதிவாகின்றன. அதை அவன் குழுவில் போடுகிறான். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, அந்த நேரக் குறிப்பையும் இடக் குறிப்பையும் உருவிவிட்டுத்தான் அனுப்புகிறது. வாங்கியவர் போனில் ‘ஐ.எம்.ஜி.’ என்று தொடங்கி, ஒரு தேதி, ‘டபிள்யூ.ஏ.’, அப்புறம் ஒரு வரிசை எண் என்று கோப்புக்குப் பெயர் விழும். அந்தத் தேதி படம் எடுத்த தேதி இல்லை, அந்த போனுக்கு வந்து சேர்ந்த தேதி. ஒரே படம் அண்ணன் போனில் 5-ஆம் தேதி என்றும், மச்சான் போனில் 9-ஆம் தேதி என்றும் இருக்கும். மூன்று மாதம் கழித்து நிவாரணக் கணக்கு எடுக்க வருகிறவர் என்றைக்கு எடுத்தது, யார் எடுத்தது என்று கேட்பார். “க்ரூப்ல போட்டோமே சார்” என்போம். பையனோ அதற்குள் போனை மாற்றியிருப்பான். டாலி எழுதியவனுக்கு இதைப் பார்த்தால் வயிறு எரியும். எண்ணும் சீலும் இல்லாத பெட்டியை எந்த கேட்டிலும் விடமாட்டார்கள்.

சரி, சாதாரண ஜனங்களை விடுங்கள். அரசு அலுவலகங்கள் எங்கே அறிவிக்கின்றன? எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர், எந்தப் பள்ளியில் முகாம் என்பதெல்லாம் இப்போது எக்ஸ் தளத்தில்தான் முதலில் வருகிறது. பழைய ட்விட்டர். 2023 ஜூன் 30-ல் ஒரு மாற்றம் செய்தார்கள். கணக்கு இல்லாதவர் எதையும் பார்க்க முடியாது. சில நாளில் கொஞ்சம் தளர்த்தினாலும், கணக்கு இல்லாமல் ஒரு பக்கத்தைத் திறந்தால் புதிய பதிவு மேலே வராத நிலைதான் மிஞ்சியது. என்றைக்கோ நிறைய ‘லைக்’ வாங்கியவை, தேதி வரிசை குலைந்து வந்து நின்றன. வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஒருவர் மாநகராட்சியின் பக்கத்தைத் திறக்கிறார், அவருக்குப் பழைய பொங்கல் வாழ்த்துத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரைக் குறை சொல்வது? அது தனியார் இடம். அவர்கள் சௌகரியப்படி பலகையைத் திருப்பிவைக்கிறார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் நியூயார்க் பெருநகரப் போக்குவரத்து ஆணையம், ரயில் தாமத அறிவிப்புகளை ட்விட்டரில் போடுவதையே நிறுத்தியது. கட்டணம் கேட்டதும், நம்பமுடியாமல் போனதும் காரணம். கம்பெனி இறங்கிவந்து பொதுச் சேவைகளுக்கு இலவசம் என்றபிறகுதான் திரும்பினார்கள்.

பேஸ்புக்கிலும் இந்தத் தேதிச் சிக்கல் உண்டு. ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜானின் பதிவைப் பார்க்காமல் மழைக்காலத்தில் சென்னையில் துணி காயப்போடுகிறவர் குறைவு. அவர் பாடுபட்டு எழுதுகிறார். பேஸ்புக் அதைத் தன் கணக்குப்படி ஆளுக்கொரு நேரத்தில் காட்டுகிறது. ‘இன்றிரவு கனமழை’ என்ற பதிவு இரண்டு நாள் கழித்து, வெயில் அடிக்கும்போது வந்து நிற்கும்.

இப்படியே எப்போதும் இருந்ததா என்றால், இல்லை. 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தின் மேல், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறதோ அதைத் தட்டினால் நிறம் மாறும்படி ஒரு பக்கம் செய்தார்கள். கணக்கு வேண்டாம், பெயர் வேண்டாம். ‘சென்னைரெயின்ஸ்’ என்ற தளத்தில் தன்னார்வலர்கள் உதவி தேவைப்படுகிறவர்களையும் உதவத் தயாராக இருப்பவர்களையும் பொதுப் பட்டியலாகப் போட்டு, சரிபார்த்து, தீர்ந்ததைத் தீர்ந்தது என்று குறித்தார்கள். குறை இருந்தது. கரண்ட் போய், டவர் விழுந்த பகுதிகளுக்கு அது எட்டவில்லை. வடசென்னை அந்தப் பட்டியலில் தென்சென்னை அளவுக்கு இருந்ததா என்ற கேள்வியும் எனக்கு உண்டு. ஆனாலும் தப்பு இருந்தால் யாரும் பார்த்துத் திருத்தும்படி இருந்தது.

இனி நினைவு என்ற விஷயம். இதைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தமிழ் எழுதத் தொடங்கிய தலைமுறை யாகூ குழுமங்களில் கூடியது. ‘ராயர் காபி க்ளப்’, ‘மரத்தடி’ என்று பெயர் வைத்து ராத்திரி பகலாகச் சண்டை போட்டார்கள், கதை எழுதினார்கள். பின்னால் பெரிய எழுத்தாளர்களானவர்களும் அதில் உண்டு. 2019 டிசம்பரில் யாகூ அந்தக் குழுமங்களில் இருந்த பழைய எழுத்துகளை அழிக்கத் தொடங்கியது, 2020 டிசம்பரில் கடையையே மூடியது. ஆர்க்குட் 2014-லேயே போய்விட்டது. இன்னொரு பக்கம், 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் நண்பர்களும் தொடங்கிய மதுரைத் திட்டம். பெரிய முதலாளி கிடையாது. அலங்காரம் கிடையாது. சங்க இலக்கியம் முதல் எத்தனையோ நூல்களைத் தட்டச்சு செய்து வெறும் கோப்பாகப் போட்டுவைத்தார்கள். எழுத்துரு மாறியபோது அதையும் மாற்றிப் போட்டார்கள். இன்றைக்கும் கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்துப் பத்து இடத்தில் வைக்கலாம் என்பதுதான் அதன் ஆயுள் ரகசியம்.

எல்லாக் குழுவையும் கலைத்துவிட்டுப் பொதுவில் வந்து பேசுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. தொழிற்சங்கக் குழுவைத் திறந்துவைத்தால் முதல் ஆளாக நிர்வாகம் வந்து உட்காரும். மீன் பட்ட இடத்தை எவன் ஊருக்குச் சொல்வான்? பெண்கள் தங்களுக்குள் பேசுவதை ஊர் ஏன் கேட்கவேண்டும்? வாட்ஸ்அப்பில் 2016 முதல், அனுப்பியவரையும் பெறுபவரையும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டு இருக்கிறது. அது நல்ல பூட்டு. அதை உடைக்க அரசாங்கம் கேட்டால் நான் எதிர்ப்பேன். பேச்சுக்குப் பூட்டு இருக்கட்டும். அபாய எச்சரிக்கையும் சாட்சியும் ஊர்க் கணக்கும் அதே பூட்டுக்குள் போய்விட்டன, என் வழக்கு அதன்மேல்தான்.

இதில் இன்னொரு கூத்து. 2015-ல் பேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து, தான் பொறுக்கியெடுத்த சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் வந்த மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. ஏழைக்கு அரை இன்டர்நெட் போதும் என்று யார் சொன்னது என்று நாடு கொதித்தது. லட்சக்கணக்கானவர்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதினார்கள். 2016 பிப்ரவரி 8-ல் தளத்துக்குத் தளம் வேறு விலை வைக்கக்கூடாது என்று டிராய் தடை போட்டது. செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா தண்ணீர்பட்ட பாடானது. முழு இணையமும் குறைந்த விலையில் கையில் இருக்கிறது. நாமோ காலையில் எழுந்ததும் அதே இரண்டு மூன்று செயலிக்குள் போய், நாமே கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். கசிவு, புகை, செத்த மீன் எதைப் படம் பிடித்தாலும், வாட்ஸ்அப்பில் ‘போட்டோ’வாக அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள். படம் சுருங்காது, நேரமும் இடமும் உள்ளேயே இருக்கும். மூலப் படத்தை அழிக்காதீர்கள். ஊருக்கு ஒரு பையன் அல்லது பெண், அந்தப் படங்களைத் தேதி போட்டு ஒரு பொதுப் பக்கத்தில் ஏற்றட்டும். ஏற்றிய கையோடு அந்த முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் கொடுத்தால் அவர்கள் ஒரு பிரதி எடுத்துவைப்பார்கள். நம் பக்கம் போனாலும் பிரதி இருக்கும். வாட்ஸ்அப் செய்தியை அப்படிப் பிரதி எடுக்க அவர்களாலும் முடியாது.

இரண்டாவது, தகவலைப் பொதுவில் வெளியிடச் சொல்லி அரசு அலுவலகங்களைக் கேட்பது. எண்ணூர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர் கழிவெளி இருந்தது. பின்னால், கழிவெளியே இல்லாத இன்னொரு வரைபடம் அரசு ஆவணமாக நடமாடியது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுத்தான் அது வெளியே வந்தது. முதல் வரைபடம் எல்லோரும் திறந்து பார்க்கும் முகவரியில் ஆரம்பத்திலிருந்தே கிடந்திருந்தால், இரண்டாவதை வெளியே எடுக்கக் கை கூசியிருக்கும்.

தகவல் உரிமைச் சட்டம் என்றால் மனுப் போட்டுக் கேட்பது என்றே நினைக்கிறோம். 2005-ஆம் வருஷச் சட்டத்தின் 4-ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். யாரும் கேட்காமலே, இணையம் உட்படப் பல வழிகளில், அலுவலகம் தானே முன்வந்து தகவலை வெளியிட வேண்டும், உள்ளூர் மொழியையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. மாநகராட்சியோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ எக்ஸில் போடுவதை நிறுத்த வேண்டாம். அதே அறிவிப்பு அதே நேரத்தில் தங்கள் சொந்த இணையதளத்தில், தேதியோடு, மாறாத முகவரியில், தமிழில் வரவேண்டும் என்று 4-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு நாம் கேட்கலாம். தளம் ஏற்கெனவே இருக்கிறது, பராமரிக்கும் செலவும் நம் வரிப்பணம்தான். மனுவின் மாதிரி ஒன்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மேஜைமேல் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். காசிமேட்டு ஐயா, உங்களுக்கு இரண்டு பிரதி.